சேலத்தில் ‘கிகாபிட் சுவிட்ச்’ என்று கோட்டேஷன் வாங்கியவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்களுக்கு நெட்வொர்க் சுவிட்ச் விற்று ஏமாற்றிய கடையின் பெயரை எழுதப் போவதில்லை, எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் அதே ஆட்கள் அதே வாசகத்தோடு இன்னும் கோட்டேஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், போன வாரம்கூட ஒன்று என் கண்ணில் பட்டது, அதனால்தான் இந்தப் பதிவு.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு கம்பெனியில் கணக்கும் பார்த்துக் கம்ப்யூட்டர் சமாச்சாரங்களையும் பார்க்கிறேன். கீழே பட்டறை, மேலே ஆபீஸும் டிசைன் ரூமும். புதுக் கட்டடத்துக்கு மாறும்போது நெட்வொர்க்கை மொத்தமாகப் புதிதாகப் போட்டோம். கீழ்த்தளத்தில் 18 கேமரா, 3 வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். மேலே டேலி சர்வர், பில்லிங், டிசைன் கம்ப்யூட்டர்கள். கோட்டேஷனில் இருந்தது இதுதான்: “24 போர்ட் கிகாபிட் பிஓஇ மேனேஜ்டு சுவிட்ச், 2 எண்ணம், ஒன்று ரூ.38,000”. சுவிட்ச் என்பது கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் பெட்டி, போர்ட் என்பது அதில் கேபிள் சொருகும் இடம். கிகாபிட் என்றால் விநாடிக்கு 1000 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம், பிஓஇ என்றால் நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும், மேனேஜ்டு என்றால் செட்டிங்ஸை நாமே மாற்றலாம். பிராண்ட் பெயர் உண்டு, மாடல் நம்பர் கிடையாது. கேட்டேன். “ஸ்டாக் வர்றதைப் பொறுத்து சார், ஸ்பெக் எல்லாம் ஒண்ணுதான்” என்றார்கள். முதலாளியின் மச்சான் மூலம் வந்த ஆட்கள், அதற்கு மேல் பேச்சு போகவில்லை, அட்வான்ஸும் போய்விட்டது.

மாட்டி முடித்த மறுநாளே டிசைன் ரூமிலிருந்து புலம்பல் வந்தது. சர்வரிலிருந்து 20 ஜிபி ஃபோல்டர் ஒன்றை எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. கிகாபிட் ஒழுங்காக ஓடினால் விநாடிக்கு 110 மெகாபைட்டுக்கு (எம்பி) மேல் வரவேண்டும், அந்த ஃபோல்டர் 3 நிமிஷ வேலை. எங்களுக்கு 11 எம்பியைத் தாண்டவே இல்லை. இந்த 11 என்ற எண்ணைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள், அது 100 எம்பிபிஎஸ் லைனின் உச்சம் (8 மெகாபிட் சேர்ந்தால் 1 மெகாபைட்).

கடையிலிருந்து வந்த பையன் முதலில் கேபிள் என்றான். அது நடக்கக்கூடியதுதான், கிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள 4 ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 2 ஜோடி போதும், மற்ற 2 ஜோடியில் ஒன்று அறுந்திருந்தால் லைன் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும். அதனால் அவன் முன்னாலேயே அதே கேபிளை சர்வரிலிருந்து நேராக என் லேப்டாப்பில் சொருகினேன். விண்டோஸில் லிங்க் ஸ்பீடு 1000. திரும்ப சுவிட்ச்சில் சொருகினால் 100. அடுத்து ஆன்டிவைரஸ் என்றான், அப்புறம் சர்வர் பழசு என்றான், அப்புறம் ஓனரிடம் பேசுங்க சார் என்று கிளம்பிவிட்டான்.

சுவிட்ச்சைத் திருப்பிப் பார்த்தால் மாடல் நம்பர் இருக்கும் இடத்தில் அவர்கள் கடை ஸ்டிக்கர், போன் நம்பரோடு. உரித்தேன். மாடலைப் போட்டு கம்பெனி தளத்தில் டேட்டாஷீட்டை (தொழில்நுட்ப விவரத் தாளை) எடுத்தால், 24 போர்ட்டும் 10/100, அதாவது அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ், ஓரத்தில் இருக்கும் 2 அப்லிங்க் போர்ட் (அடுத்த சுவிட்ச்சோடு இணைப்பதற்கானது) மட்டும் கிகாபிட். கடைக்காரரிடம் கேட்டபோது கொஞ்சமும் கூச்சப்படாமல், “கிகாபிட் இருக்குல்லங்க, அப்லிங்க் என்ன, கிகாபிட் தானே” என்றார். இந்த ரகம் கேமரா வேலைக்காகவே வருவது, முழு கிகாபிட் மேனேஜ்டு மாடலின் பாதி விலைகூட இருக்காது.

‘மேனேஜ்டு’ கதை இன்னும் வேடிக்கை. டேலி சர்வர் ஒரு விலானிலும் (ஒரே சுவிட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) கேமராக்கள் இன்னொரு விலானிலும் இருக்கவேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தோம். லாகின் பேஜ் எங்கே என்று கேட்டதற்கு, முன்பக்கம் இருந்த சின்னத் தள்ளு பொத்தானைக் காட்டி, இதுதான் விலான் என்றார் கடைக்காரர். அது போர்ட்டுகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும், அவ்வளவுதான், நாம் வேண்டியபடி பிரிக்க 802.1க்யூ என்ற தரத்திலான விலான் வேண்டும், அதற்கு பிரவுசரில் திறக்கும் செட்டிங்ஸ் வேண்டும். பக்கத்திலேயே ‘எக்ஸ்டெண்ட்’ என்று ஒரு நிலை உண்டு, 250 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். தள்ளினால் அந்த போர்ட்டுகளின் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகிவிடும், அதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, கேமராவாவது ஒழுங்காக ஓடியதா என்றால், பகலில் ஓடியது. இரவானால் பின் ஷட்டர் கேமரா, எடை மேசைக் கேமரா உட்படச் சில கேமராக்கள் செத்துவிடும். வெள்ளி எடை போடும் மேசை, அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கொலுசுத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். காரணம் கரண்ட் கணக்கு. பெட்டியில் ‘போர்ட்டுக்கு 30 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். மொத்த பட்ஜெட் 150 வாட் என்பது டேட்டாஷீட்டில் அடியில் கிடக்கும். எங்கள் கேமரா பகலில் 5 வாட், இருட்டில் பார்க்க உதவும் ஐஆர் விளக்கு எரிந்தால் 8 வாட். ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றுக்கு 13. பகலில் மொத்தம் 129, இரவில் 183. பட்ஜெட் தாண்டினால் இந்த மாதிரி சுவிட்ச்சுகள் பெரும்பாலும் கடைசி போர்ட்டுகளைத்தான் முதலில் வெட்டும், அந்தக் கேமராக்கள் அங்கேதான் இருந்தன. 24 போர்ட்டுக்கும் பிஓஇயின் அடிப்படை அளவான 15.4 வாட்டை முழுதாகக் கொடுக்க 370 வாட் வேண்டும். மேல் மாடி கம்ப்யூட்டர்களுக்கு பிஓஇயே தேவையில்லை, அங்கேயும் பிஓஇ விற்றது தனிச் சாமர்த்தியம்.

இனி வாங்குகிறவர்கள் மாடல் நம்பர் முழுசாக, கடைசியில் வரும் எழுத்துகள் உட்பட, கோட்டேஷனில் எழுதி வாங்குங்கள், ஒரே பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறி பிஓஇ உள்ளதும் இல்லாததும் வரும். டேட்டாஷீட்டில் ‘ஸ்விட்சிங் கெபாசிட்டி’ (சுவிட்ச் மொத்தமாகக் கையாளும் வேகம்) என்ற வரியைப் பாருங்கள். 24 போர்ட்டும் கிகாபிட் என்றால் போகவர சேர்த்து குறைந்தது 48 ஜிபிபிஎஸ் (1 ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்) இருக்கும், ஃபைபர் இணைக்க உதவும் 4 எஸ்எஃப்பி போர்ட் சேர்ந்தால் 56. எங்கள் பெட்டியில் 8.8. அதாவது 24 சின்ன போர்ட்டுக்கு 4.8, அப்லிங்க் இரண்டுக்கு 4. இந்த ஒரு எண்ணை எந்த விற்பனைப் பேச்சாலும் மறைக்க முடியாது. கடைசித் தவணை கொடுக்கும் முன், மாட்டிய ஆள் நிற்கும்போதே இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள், 900 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் காட்ட வேண்டும்.

ஏற்காட்டில் ரெசார்ட் நடத்தும் நண்பர் ஒருவருக்கும் இவர்கள்தான் வேலை செய்திருக்கிறார்கள். காட்டேஜுக்குக் காட்டேஜ் வெளியே காப்பர் கேபிளை இழுத்துவிட்டு, கோடை இடியில் போர்ட் போனதும், இடி வாரண்டியில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். வாரண்டியில் வராதுதான். ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போட்டிருந்தால் மின்னல் அந்த வழியாக வந்திருக்காது, அதற்குத்தான் எஸ்எஃப்பி போர்ட் இருக்கிறது.

பில் விஷயம். “பில் இல்லாம வாங்குனா 18 பர்சென்ட் மிச்சம்” என்பார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனிக்கு அந்த 18 இன்புட் கிரெடிட்டில் (வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழிப்பது) பெரும்பாலும் திரும்ப வந்துவிடும், அதனால் மிச்சம் எதுவும் இல்லை, வாரண்டிதான் போகும். எங்களுக்கு பில் இருந்தது, ஆனால் ‘நெட்வொர்க் சுவிட்ச் 2’ என்று மட்டும், சீரியல் நம்பர் இல்லாமல். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிக்கலாம் என்று முதலாளி சொன்னார். வக்கீல்தான் விளக்கினார், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோராக மாட்டார், தன் பிழைப்புக்கான சுயதொழிலுக்காக மட்டும் வாங்கியவருக்குத்தான் விலக்கு. எங்கள் கம்பெனி அதில் வராது. எனவே கோட்டேஷன் நகல், ஸ்டிக்கரை உரித்த போட்டோ, டேட்டாஷீட் மூன்றையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் போனது.

நோட்டீஸ் போன பிறகுதான் போனை எடுத்தார்கள். மேல் மாடி சுவிட்ச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ‘இன்ஸ்டலேஷன் சார்ஜ்’ என்று 9,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கீழே உள்ளதைக் கேமராவுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம், ஒரு 4 மெகாபிக்சல் கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் பக்கம்தான் போகும், 100 எம்பிபிஎஸ் போர்ட் தாராளம். ஆனால் இரவில் 18 கேமராவுக்கே 144 வாட், விளிம்பில் ஓடுகிறது. ஆக்சஸ் பாயிண்ட்டுகளைத் தனி இன்ஜெக்டரில் (கேபிளில் கரண்ட் ஏற்றும் சின்னப் பெட்டி) மாற்றிவிட்டோம். கீழ்த்தள சுவிட்ச்சுக்கு அதிகமாக வாங்கிய பணத்துக்கு இன்னும் பதில் இல்லை, இரண்டாவது நோட்டீஸ் தயாராகிறது.