மரத்தூள் பிரிப்பான்: எல்போ பக்கெட்டா, தியன் தட்டா, சைக்ளோன் கூம்பா?

வேக்கம் கிளீனரை, மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டரோடு மாட்டி வேலை செய்தவர்களுக்குத் தெரியும். முதலில் நன்றாக இழுக்கும். அப்புறம் ஃபில்டரில் தூள் மாவாக அப்பிக்கொள்ளும், இழுப்பு படுத்துவிடும். நடுவில் ஒரு டப்பாவை வைத்துத் தூளை அங்கேயே விழவைத்தால் ஃபில்டர் தப்பிக்கும். அந்த டப்பாவை மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். எதைச் செய்யலாம் என்பது உங்களிடம் எந்த மிஷின் இருக்கிறது, எந்தத் தூள் அதிகம் வருகிறது என்பதைப் பொறுத்தது.

எல்போ பக்கெட்தான் எளிது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டின் மூடியில் இரண்டு ஓட்டை போடுகிறோம். மிஷினிலிருந்து தூள் வரும் ஓரத்து ஓட்டையில் ஒரு பிவிசி எல்போ, அதாவது வளைந்த குழாய்த் துண்டு. அதன் வாய் பக்கெட்டின் சுவரை ஒட்டித் திரும்பியிருக்க வேண்டும். நடு ஓட்டை வேக்கத்துக்குப் போகும். காற்று சுழலும், கனமானது சுவரில் உரசிக் கீழே விழும். அரை நாள் வேலை, செலவும் குறைவு. இழைப்புளிச் சீவலுக்கு இது போதும். ஆனால் கீழே விழுந்த தூளை அதே சுழல்காற்று மறுபடி கிளப்பிவிடுகிறது. பக்கெட் கொஞ்சம் நிறைந்ததுமே ஃபில்டருக்குத் தூள் போக ஆரம்பிக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் அமெரிக்கரான ஃபில் தியன் வடிவமைத்த தடுப்புத் தட்டு. டிரம்முக்குள் கிடையாக ஒரு பிளைவுட் வட்டம். அதன் ஓரத்தில் சுமார் 240 டிகிரிக்கு, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் ஒரு சந்து. மீதி 120 டிகிரி சுவரோடு ஒட்டியே இருக்கும். சுவரோரம் சுழலும் தூள் சந்து வழியாகக் கீழே இறங்கிவிடும். மேலே சுற்றும் காற்றால் அதைத் தொட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. ஒரு துண்டு பிளைவுட்டில் இவ்வளவு வேலை நடக்கிறது! பெரிய டிரம்மும் நாலு அங்குலக் குழாயும் கொண்ட டஸ்ட் கலெக்டர் (பட்டறைத் தூளை இழுக்கும் பெரிய மிஷின்) வைத்திருப்பவர்கள், மரம் இழைக்கும் பிளேனரின் சீவல் மலைபோல் குவிகிறவர்கள், யோசிக்காமல் இதைச் செய்யலாம். கூரை தாழ்வான ஷெட்டுக்கும் பொருந்தும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தூள் தட்டைத் தொடும்வரை விட்டால் மொத்தமும் ஃபில்டருக்குத்தான் போகும். நீளமான சீவல், மரச் சில்லு சந்தில் சிக்கினாலும் அதே கதி.

சைக்ளோன் கூம்பில் காற்று கீழே போகப் போகச் சுழல் இறுகும். தூள் அடியில் இறங்க, காற்று நடுவாக மேலேறி வெளியேறும். மெல்லிய தூளைப் பிரிப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. தகரத்தில் கூம்பு வளைத்து நானே செய்தேன். மூட்டுகளில் காற்று கசிந்து ஒரு வாரம் வீணானது. ஒனைடா நிறுவனத்தின் டஸ்ட் டெபுட்டி போன்ற பிளாஸ்டிக் கூம்பை வாங்கி, பக்கெட்டை மட்டும் நீங்கள் செய்வதே நல்லது. இதில் கசிவுதான் பெரிய எதிரி. பக்கெட் மூடியில் சின்னக் கசிவு இருந்தாலும் அது வழியாக நுழையும் காற்று, விழுந்த தூளை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். மூடியின் ரப்பர் வளையத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வேக்கத்தோடு பயன்படுத்தினால் பக்கெட் நசுங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹோஸ் அடைத்துக்கொண்டபோது என் பக்கெட் கண்ணெதிரே உள்ளே மடங்கியது. கணக்குப் போட்டால் ஆச்சரியமில்லை: வேக்கம் 20 கிலோபாஸ்கல் அளவுக்கு இழுத்தால், 28 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் பாரம் விழும். ஒரு பக்கெட்டுக்குள் இன்னொன்றைச் செருகி இரட்டைச் சுவராக்கினேன், அதன் பிறகு நசுங்கவில்லை. டஸ்ட் கலெக்டரின் இழுவிசை இதில் பாதிகூட இல்லை. அங்கே காற்றின் அளவுதான் அதிகம் என்பதால் டிரம்முக்கு அவ்வளவு ஆபத்தில்லை.

ஆகவே வேக்கமும், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையுமாக வேலை என்றால் சைக்ளோன். கலெக்டரும் பிளேனரும் என்றால் தியன் தட்டு. எல்போ பக்கெட்டை இந்த வாரக் கடைசியில் செய்து பழகுங்கள், அதோடு நின்றுவிட வேண்டாம். எதைச் செய்தாலும் இரும்பு கிரைண்டரின் தீப்பொறியை இந்த டப்பாக்களுக்குள் இழுக்கவே கூடாது. உள்ளே கிடப்பது காய்ந்த மரத்தூள்.

முகக்கவசத்தைக் கழற்றவும் வேண்டாம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. நுரையீரலின் ஆழம்வரை போகும் மிக நுண்ணிய தூள் இந்த மூன்றிலும் தப்பிப் போகும். அதைப் பிடிக்கக் கடைசியில் ஒரு ஹெப்பா ஃபில்டர் வேண்டும்.

செய்து முடித்ததும் ஒரு கிலோ சாண்டர் தூளை எடைபோட்டு இழுக்கவிட்டு, பக்கெட்டில் எவ்வளவு தேங்கியது என்று மறுபடி எடைபோடுங்கள். சீவலை வைத்துச் சோதித்தால் மூன்றுமே நூற்றுக்கு நூறு வாங்கும்.