டிசி பிரேக்கரா, ஃபியூஸா? 48 வோல்ட் பேட்டரி லைனில் எதை எங்கே போடுவது

ஏசி மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு வரும். பிரேக்கரின் காண்டாக்ட் பிரியும்போது எழும் ஆர்க் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) அப்போது தானே அணைந்துவிடும். டிசியில் பூஜ்ஜியமே கிடையாது. ஆர்க்கை இழுத்து நீட்டி, உள்ளே இருக்கும் தகடுகளுக்கு நடுவே துண்டுதுண்டாக்கிக் குளிரவைத்தால்தான் அணையும். ஆகவே டிசி வோல்ட்டேஜ் அச்சிடப்படாத ஏசி எம்சிபியை (வீட்டு மின்பெட்டியில் இருக்கும் சிறு பிரேக்கர்) பேட்டரி லைனில் போடவே கூடாது.

டிசி என்று அச்சிட்டிருந்தாலும் போலாரிட்டியை, அதாவது பிளஸ்-மைனஸ் திசை பார்த்து இணைக்க வேண்டிய வகையா என்பதை, பார்க்க வேண்டும். போலாரிட்டி உள்ள பிரேக்கரில் ஒரு நிரந்தரக் காந்தம் ஆர்க்கைத் தகடுகளின் பக்கம் தள்ளும். மின்னோட்டம் திசை மாறினால் அதே காந்தம் ஆர்க்கை எதிர்ப்பக்கம் தள்ளும். அணையாத ஆர்க் பிரேக்கரையே உருக்கிவிடும். சோலார் பேனலிலிருந்து சார்ஜ் கன்ட்ரோலருக்குப் போகும் லைனில் மின்னோட்டம் ஒரே திசைதான். பிரேக்கரின் உடம்பில் வரைந்திருக்கும் படத்தின்படி இணைத்தால் போதும். பேட்டரிக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கும் நடுவே சார்ஜும் டிஸ்சார்ஜும் மாறி மாறி ஓடுவதால், அங்கே போலாரிட்டி இல்லாத வகை மட்டுமே சரி. இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. லோடு ஓடும்போது ஆஃப் செய்யும் அன்றைக்குத்தான் தெரியும்.

பேட்டரி முனையில் பிரேக்கரை மட்டும் நம்பக் கூடாது. 280 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16 தொடராக இருக்கின்றன. கேபிளையும் சேர்த்து மொத்த மின்தடை 5 மில்லிஓம் என்று கொள்வோம். 51.2 வோல்ட்டில் ஷார்ட் ஆனால் 10,000 ஆம்பியருக்கு மேல் பாயும். 6 கிலோ ஆம்பியர் வரை மட்டுமே துண்டிக்கக்கூடிய பிரேக்கரால் அதைத் துண்டிக்க முடியாது. ஏஎன்எல் (போல்ட்டால் இறுக்கும் தட்டை வகை) ஃபியூஸும் இங்கே உதவாது. வழக்கமாக அது 32 வோல்ட்டுக்கானது. 125 வோல்ட் டிசியில் 20 கிலோ ஆம்பியரை வெட்டும் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸைப் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போடுங்கள். பிரேக்கர் அதற்கு அடுத்து வரட்டும். ஆன்-ஆஃப் செய்வதும் ஓவர்லோடைப் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை.

அளவுக் கணக்கு: 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 90 சதவீதத் திறன், பேட்டரி 48 வோல்ட்டுக்கு இறங்கிய நிலை. 5000 ÷ 0.9 ÷ 48 என்றால் சுமார் 116 ஆம்பியர்; 1.25ஆல் பெருக்கினால் 145. எனவே 150 ஆம்பியர் ஃபியூஸ். கேபிள் அந்த 150 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளைத்தான்.

பிரேக்கர்களில் தெர்மல்-மேக்னெடிக் வகை விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள பைமெட்டல் (சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை) சுற்றுச்சூட்டையும் சேர்த்தே உணரும். மூடிய பெட்டிக்குள் 55 டிகிரி இருந்தால் அச்சிட்ட அளவுக்கு முன்பே டிரிப் ஆகும். ஹைட்ராலிக்-மேக்னெடிக் வகையில் காயில்தான் ஓட்டத்தை அளக்கிறது, சூட்டால் டிரிப் அளவு மாறாது. சூடான பெட்டிக்கு என் தேர்வு இதுவே. படுக்கவைத்துப் பொருத்தினால் மட்டும் டிரிப் அளவு நகரும்.

காரணமில்லாமல் டிரிப் ஆனால் பிரேக்கரை மாற்றும் முன் முழு லோடில் அதன் இரு டெர்மினலுக்கும் நடுவே மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 100 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட் இருந்தால் 5 வாட் சூடு. பிறகு மீட்டர் முனையைக் கேபிள் லக்கிலேயே வைத்து அளங்கள். மதிப்பு பல மடங்கு ஏறினால் கோளாறு தளர்ந்த ஸ்க்ரூவில்தான். லைனை ஆஃப் செய்துவிட்டு, பிரேக்கரின் உடம்பில் குறித்த டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குங்கள்.