ஆட்டிசம் உள்ள என் மகனும் டி அண்ட் டி விளையாட்டும்: மூன்று வருட அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காமல், துறுதுறுப்பு அதிகமாக இருக்கும் நிலை) உள்ள பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஒத்துவருமா என்று தெரபி சென்டர் வாசலில் காத்திருக்கும்போது மற்ற அம்மாக்கள் என்னிடம் கேட்பதுண்டு. மூன்று வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இது நடக்கிறது. ஒத்துவரும் என்றுதான் சொல்வேன். ஆனால் தெரபி என்ற பெயரில் கொடுத்தால் ஒத்துவராது. ஏன் என்று விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்டது. திரை கிடையாது, கன்ட்ரோலர் கிடையாது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தை அவர் சொல்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பாலத்தின் நடுவில் ஒரு பூதம் நிற்கிறது என்று அவர் சொன்னால், சண்டை போடலாம், பேரம் பேசலாம், ஆற்றில் குதிக்கலாம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகம் உள்ள டைஸை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20. அடிப்படை இவ்வளவுதான்.

எங்கள் மேஜையில் நான்கு பிள்ளைகள். என் மகனுக்கு இப்போது 12 வயது, ஆட்டிசம். அவனோடு ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாடக் காரியங்களைப் பழக்கும் தெரபி) வகுப்புக்கு வந்த இன்னொரு பையனுக்கும் ஆட்டிசம். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஏ.டி.ஹெச்.டி. நாலாவது என் அக்கா மகள். கதை நடத்துவது என் தம்பி. எல்லாருக்கும் அவன் ‘மாமா’தான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு இடைவேளை.

என் மகனுக்குப் பேச வரும், படிக்க வரும். வராதது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள். நாலு பையன்கள் நின்று பேசிக்கொண்டிருந்தால் அதில் எப்போது நுழைவது, சிரிக்கிறவன் கிண்டலாகச் சிரிக்கிறானா சந்தோஷத்தில் சிரிக்கிறானா, ‘அப்புறம் பாக்கலாம்’ என்றால் எப்போது பார்க்கலாம். மற்ற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராமலே இது புரிந்துவிடுகிறது. இந்த மேஜையில் அப்படித் தானாகப் புரிந்துகொள்ள வேண்டியது மிகக் குறைவு. சண்டை தொடங்கினால் எல்லாரும் டைஸ் உருட்டி வரிசை முடிவாகிறது. தன் முறை வந்ததும் 30 அடி நகரலாம், ஒரு செயல் செய்யலாம். செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்க வேண்டிய பாரம் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது.

தம்பி ஒரு அட்டையின் விளிம்பில், பெயர் எழுதிய துணி கிளிப்புகளை வரிசைப்படி மாட்டிவைப்பான். இப்போது யார், அடுத்து யார் என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு இந்த அட்டை பெரிய உதவி. தனக்கு முன்னால் இரண்டு கிளிப் இருக்கிறது என்று தெரிந்தால் எழுந்து ஹாலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சரியாகத் தன் முறைக்கு வந்து நிற்பாள். யாரும் அவளை ‘உட்காரு’ என்று சொல்வதில்லை. அவள் எட்டு வயதிலிருந்து கேட்டுச் சலித்த வார்த்தை அது.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது உதவி. தன் முறையில் ஒருவர் இன்னொருவருக்கு உதவுகிறேன் என்று சொன்னால், உதவி பெற்றவர் டைஸை இரண்டு தரம் உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். நண்பனுக்கு உதவு என்று பள்ளியிலும் சொல்கிறார்கள். எப்போது, எப்படி, உதவினால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. இங்கே அது எண்ணாகவே தெரிகிறது. முதல் சில மாதங்கள் என் மகன் தன் பாத்திரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பாத்திரத்தின் பெயர் இடும்பன். பழனியில் கேட்ட கதை. இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கியவன், ஆகவே போர்வீரனுக்குப் பொருத்தம் என்று அவனே முடிவு செய்தான். ஒருநாள் கீழ்வீட்டுப் பெண்ணின் திருடி பாத்திரம் ஒரு பூட்டைத் திறக்க முயன்று தோற்றது. தன் முறை வந்ததும் இவன், “இடும்பன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறான். அவளை ரெண்டு தரம் உருட்ட விடுங்க மாமா” என்றான். ஒன்றில் 6, இன்னொன்றில் 17. பூட்டு திறந்தது. அதற்கப்புறம் தன் முறை வந்தால் முதலில் மற்றவர்களின் கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் திறமைகளை எழுதிவைத்த தாளை, எட்டிப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

அடுத்தது உணர்ச்சி. ‘எப்படி இருக்கு உனக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர அவனிடமிருந்து பதில் வராது. உள்ளே நடப்பதை அடையாளம் கண்டு பெயர் சொல்ல முடியாத இந்தச் சிரமத்தை அலெக்சிதைமியா என்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். ஆனால் கதையில் குகைக்குள் விளக்கு அணைந்தபோது, “இடும்பனுக்கு எப்படி இருக்கு?” என்று தம்பி கேட்டான். “பயமா இருக்கு. வயித்துல ஏதோ சுத்துது. ஆனா அவன்தான் முன்னாடி நிக்கறான்” என்று பதில் வந்தது. சமையலறையில் இருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றுவிட்டேன். வயிற்றில் சுற்றுவது யாருடைய வயிறு என்று எனக்குத் தெரியும். தம்பி அதைச் சுட்டிக்காட்டாமல், “சரி, குகைக்குள்ள தண்ணி சொட்டுற சத்தம் கேக்குது” என்று கதையை நகர்த்தினான். அந்த இடத்தில் அவன் செய்தது மிகச் சரி. பல மாதம் கழித்துப் பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது, “அம்மா, வயித்துல சுத்துது” என்று மட்டும் சொன்னான். இடும்பன் பெயர் வரவில்லை.

தோல்வியைத் தாங்குவதற்குத்தான் நீண்ட காலம் பிடித்தது. தாக்கும்போது டைஸில் 1 விழுந்தால், கூட்ட வேண்டிய எண் எவ்வளவு இருந்தாலும் அடி தவறிவிடும். ஆரம்பத்தில் 1 விழுந்தால் டைஸைச் சுவரில் எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். யாரும் போய் இழுக்கவில்லை. நாற்காலி காலியாகவே இருக்கும், ஆட்டம் மெதுவாக நடக்கும், அவன் திரும்பி வந்ததும் “இடும்பன் குதிரையைக் கட்டிட்டு வந்துட்டான்” என்று தம்பி சேர்த்துக்கொள்வான். இப்போது 1 விழுந்தால், “இன்னிக்கு டைஸ் சரியில்ல” என்கிறான். பள்ளித் தேர்வுத்தாளில் விழும் சிவப்புக் கோடு அவனைப் பற்றியது. டைஸில் விழும் 1 யாரைப் பற்றியதும் இல்லை, எல்லாருக்கும் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பழகினான் என்று நினைக்கிறேன்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் டைஸ் கண்ணாடி மேஜையில் விழும் சத்தம் இரண்டு பையன்களுக்கும் காதைக் குத்தியது. கடையில் விற்கும் டைஸ் டிரே வாங்காமல், வீட்டு முறத்தில் பழைய துண்டை மடித்துப் போட்டோம். சத்தமும் போச்சு, டைஸ் உருண்டு சோபாவுக்கு அடியில் போவதும் நின்றது.

இன்னொரு ஏற்பாடு, எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் உருவாக்கியது. மேஜை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை இருக்கும். கதையில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தக் காட்சி மாற்றப்படும். வேண்டாம் என்று சொல்ல வாய் வராத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். ஒருமுறை கதையில் வேட்டைநாய்கள் வந்தன. மற்ற பையன் ஒன்றும் பேசாமல் அட்டையில் விரல் வைத்தான். “நாய் இல்ல, மலையாடு” என்றான் தம்பி. அவ்வளவுதான், கதை தொடர்ந்தது. விளையாட்டிலிருந்து ஒன்றே ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகலாம் என்றால் நான் இந்த அட்டையைத்தான் எடுத்துப்போவேன்.

இதில் ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். 2024-இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள எட்டுப் பேர், இரண்டு குழுவாக, ஆறு வாரம் டி அண்ட் டி விளையாடினார்கள். வெளியில் மற்றவர்களைப் போலக் காட்டிக்கொள்ள வேண்டிய அழுத்தம் மேஜையில் இல்லை, அங்கே தாங்களும் ஒரு ஆளாக இருக்க முடிந்தது என்பது அவர்கள் பேச்சில் வந்தது. எட்டுப் பேரும் பெரியவர்கள், எண்ணிக்கையும் குறைவு; இதை வைத்துப் பிள்ளைகளுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. எனக்கு அதைவிட உதவியது டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-இல் எழுதிய கருத்து. அவரே ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்று ஒரு பக்கமாகச் சொல்கிறோமே, மற்றவர்களுக்கும் அவர்களைப் புரிவதில்லை, இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது என்கிறார். எங்கள் மேஜையில் இதைக் கண்ணாலேயே பார்க்கிறேன். இரண்டு பையன்களும் ஒரு மந்திரத்தின் விதியைப் பற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அரை மணி நேரம் பேசுவார்கள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது. புரிந்துகொள்ளப் பழக வேண்டியிருந்தது என் அக்கா மகளுக்குத்தான். பழகிக்கொண்டாள், இப்போது மூன்றாவது ஆளாக அந்த வாதத்தில் அவளும் இருக்கிறாள்.

சரி, குறைகள். விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில். தம்பி மேஜையில் தமிழில்தான் பேசுகிறான், ஆனால் ஷீட்டில் இருப்பதை யாராவது மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டன்ஜன் மாஸ்டருக்கு முன்தயாரிப்பு அதிகம். பொறுமையான ஒரு பெரியவர் கிடைக்கவில்லை என்றால் இது நடக்காது. ஞாயிறு ஆட்டம் கடைசி நிமிடத்தில் ரத்தானால் அன்று இரவு எங்கள் வீட்டில் தூக்கம் இல்லை. அதனால் நடக்காத வாரங்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிடுகிறோம். விதிப் பேச்சு சாப்பாட்டு நேரத்திலும் தொடரும். காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாள், ரத்தம், சாவு எல்லாம் கதையில் உண்டு. முதல் நாளே எது வரலாம், எது வரக்கூடாது என்று உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது நல்லது.

நான் கண்டிப்பாக மறுக்கும் ஒன்று உண்டு. இந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்த ஒருவர், “இடும்பன் வீட்டுப்பாடம் எழுதுவான் என்று சொல்லிப் பாருங்களேன்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெயர் அவனுடையது. அதை நாங்கள் காரியம் சாதிக்கப் பயன்படுத்தினால், அவன் நிம்மதியாக இருக்கும் ஒரே இடத்திலும் யாரோ அவனைத் திருத்திக்கொண்டிருப்பதாக ஆகிவிடும். வாரம் முழுக்க ஓ.டி., ஸ்பீச், பள்ளி என்று திருத்தப்படுகிற பிள்ளைகள் இவர்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று மேஜையில் யாரும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. அதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பள்ளியில் ஏதாவது மாறியதா? இடைவேளையில் இன்னும் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறான். ஆனால் போன வருடம் என் போனை எடுத்து, தானாக, மற்ற பையனுக்குப் போன் போட்டான். அடுத்த லெவலில் என்ன எடுப்பது என்று பேசிவிட்டு, வைப்பதற்கு முன், “உனக்கு ஜுரம் சரியாயிடுச்சா?” என்று கேட்டான். அப்படிக் கேட்கும்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது அந்தப் பையன் சனிக்கிழமையும் வருகிறான்; விளையாடாமல் சும்மா இருவரும் மின்விசிறிகளின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு: எடுத்த எடுப்பில் பெரிய புத்தகங்கள் வாங்க வேண்டாம். அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். முழுவதும் அச்செடுக்காமல் தேவையான பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். ஏழு டைஸ் உள்ள செட் ஆன்லைனில் கிடைக்கிறது, ஆளுக்கு ஒன்று இருந்தால் சண்டை வராது. பிள்ளை சின்னது என்றால் ஹீரோ கிட்ஸ் மாதிரி, சாதாரண ஆறு முக டைஸ் மட்டும் போதுமான விளையாட்டில் தொடங்கலாம். பேச்சு குறைவாக இருக்கிற ஒரு பெண் சில மாதம் எங்களோடு விளையாடினாள். அவளுக்காக அடி, ஓடு, பேசு, ஒளிந்துகொள், உதவு என்று ஐந்து படக் கார்டு வரைந்தோம். அதில் ஒன்றைத் தொட்டுவிட்டு டைஸை உருட்டுவாள். மற்ற பிள்ளைகளும் களைப்பாக இருக்கும் நாளில் அதே கார்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அதனால் அவை இன்னும் மேஜையிலேயே இருக்கின்றன.