காலையில் மொஹிங்காவா, வெறும் வயிறா?

ரங்கூனில் காலை ஆறரை மணிக்குத் தெருமுனைக்குப் போனால், வாழைத்தண்டு வெந்துகொண்டிருக்கும் மொஹிங்காவின், அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸின், வாசனை ஆளை நிறுத்திவிடும். அதைத் தாண்டிப் போய்ப் பட்டினி கிடக்க ஒரு வைராக்கியம் வேண்டும். என் மச்சானிடம் அது இருக்கிறது. மூன்று மாதமாக மதியம் வரை எதுவும் சாப்பிடுவதில்லை, எடை குறையுமாம். என் அம்மாவோ, காலையில் பசியாறாதவன் உடம்பு ஊதித்தான் போகும் என்று அடித்துச் சொல்கிறார்.

அம்மா கட்சிக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில், எடையைக் குறைத்து மறுபடி ஏறவிடாமல் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு; 2002-இல் வந்த கணக்குப்படி அதில் 78 சதவீதம் பேர் தினமும் காலையில் சாப்பிடுகிறவர்கள். சரி, ஆனால் காலையில் ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆள் பெரும்பாலும் நேரத்துக்குத் தூங்குவார், சிகரெட் பக்கம் போகமாட்டார், நாலு எட்டு நடக்கவும் நடப்பார். எடை எதனால் நின்றது என்று எப்படிப் பிரிப்பது?

ஆட்களை இரண்டாகப் பிரித்து, நீ சாப்பிடு, நீ சாப்பிடாதே என்று சொல்லிப் பார்த்தபோது கதை மாறிவிட்டது. 2014-இல் சுமார் 300 பேரை வைத்து 16 வாரம் நடந்த சோதனையில் இரு பக்கமும் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2019-இல் மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்; காலையில் சாப்பிட்டவர்கள் நாளுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளியிருந்தார்கள், எடையும் 440 கிராம் அதிகம். மச்சான் இதைக் கேட்டதும் துள்ளினார். துள்ள வேண்டாம், அவை பெரும்பாலும் சில வாரச் சோதனைகள், தரமும் சுமார்தான், 440 கிராம் என்பது ஒரு வயிறு தண்ணீர்.

காலையில் சாப்பிடாவிட்டால் உடம்பு எரிக்கும் வேகம் படுத்துவிடும் என்பது அம்மாவின் அடுத்த அஸ்திரம். இங்கிலாந்தின் பாத் நகரில் ஒல்லியானவர்களை வைத்து ஆறு வாரம் பார்த்ததில் அப்படி எதுவும் படுக்கவில்லை. ஆனால் சாப்பிட்டவர்கள் பகலில் கூடுதலாக ஓடியாடியிருந்தார்கள், தின்றதில் ஒரு பங்கு அதிலேயே போய்விட்டது. எனக்கு இதில் இதுதான் ருசியான தகவல்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு: காலையில் நிறைய, ராத்திரி கொஞ்சம். 2022-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மொத்தக் கலோரியை மாற்றாமல் 30 பேருக்கு இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். எடை ஒரே அளவுதான் குறைந்தது, ஆனால் காலையில் நிறையச் சாப்பிட்ட நாட்களில் பசி குறைவு. ராத்திரி பத்து மணிக்குச் சமையற்கட்டைத் துழாவுகிறவர்களுக்கு (நானும்தான்) நான் இதைத்தான் சொல்வேன்.

இனி மச்சான் விஷயம். போன வாரம் அவரோடு டீக்கடைக்குப் போனேன், மணி பத்து. மேசையில் ஃபிளாஸ்கில் வெறும் டீ காசில்லாமல் இருக்கிறது, அதைத் தொடவில்லை. கட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்) டீ ஒன்று வந்தது, குடித்து முடித்ததும் இன்னொன்று. கட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டிக்கே 60 கலோரி போல வரும், கடைக்காரர் கரண்டியை எங்கே எண்ணுகிறார்! அப்புறம் சர்க்கரை தூவிய பராட்டா, "இது சாப்பாடு இல்லையே, டீக்குத் துணை" என்றார். அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை, அவர் மொஹிங்காவில் பொரித்த சுரைக்காயும் பருப்பு வடையும் நொறுங்கி விழாத நாள் கிடையாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் காலைச் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

நேற்று மச்சான் டீயில் பாலைக் குறைக்கச் சொன்னார். பராட்டா பற்றி யாரும் இன்னும் பேச்செடுக்கவில்லை.