போர் தண்ணியில் ஓடும் வீட்டு அருவி: சேலத்திலிருந்து ஒரு அனுபவம்

அழகாபுரத்தில் வீடு கட்டியிருக்கும் தங்கச்சி மாப்பிள்ளை, மீன்குளத்துக்கு ஒரு சின்ன அருவி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதே வாரம் என் வீட்டு அருவிப் பம்பும் சிக்கி நின்றுவிட்டது. அதனால் சூட்டோடு எழுதுகிறேன். எத்தனை வாட், என்ன விலை என்பதை எல்லாக் கடையிலும் சொல்வார்கள். நம்ம ஊர் போர் தண்ணியில் அருவி ஓட்டினால் என்ன ஆகும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

உப்பு, அதிலும் சுண்ணாம்பு உப்பு. அதுதான் என் முழுப் பிரச்சினையும்.

பம்பைக் கழற்றினால், உள்ளே சுழன்று தண்ணியைத் தள்ளும் இம்பெல்லரைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படிவு. விரலால் சுற்றினாலும் அசையவில்லை. ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டதும் பொரிந்து பொரிந்து நுரை வந்தது. காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன், ஓடியது. பம்பைக் குறை சொல்வது நியாயமில்லை. விற்ற கடைக்காரர் மேல்தான் கோபம். "உப்பு அடைச்சா வாரண்டி வராதுங்க" என்று இப்போது சொல்கிறார். வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சித்திரை வெயிலில் மட்டம் இறங்க இறங்கப் போர் தண்ணி விட்டு நிரப்புகிறோம். ஒவ்வொரு முறையும் புது உப்பு சேர்கிறது. போதாக்குறைக்கு, தண்ணி உடைந்து விழும்போது அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால், கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லிலேயே பிடித்துக்கொள்கிறது. தண்ணி விழும் விளிம்பில் முதலில் படியும். கருங்கல்லாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகக் கண்ணை உறுத்தும். ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. மீன் இருக்கிற குளத்தில் அதைச் செய்யவே கூடாது. அவ்வப்போது கால்வாசித் தண்ணியைத் தென்னைக்கு இறைத்துவிட்டு, மழைத்தண்ணி சேர்த்தால் படிவு குறைகிறது. இறைக்காமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் கூடத்தான் செய்யும்.

பம்பு வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள். பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருப்பது ஏற்றமே இல்லாதபோது வரும் அளவு. உயரம் கூடக் கூட, குழாய் வளைய வளைய, தண்ணி குறையும். என்னுடையது 40 வாட், அரையடி அகல விளிம்புக்குப் போதும். ராத்திரி பகல் ஓடினால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். ரெண்டு மாச பில்லில் இலவசமாக வரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும்.

ஆனால் பறவைகள்! அவை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. விளிம்புக்கு மேலே விரல் கணு ஆழத்துக்குத் தண்ணி பரவும் ஒரு தட்டைக்கல் உண்டு. கொண்டைக்குருவிகள் ஜோடியாக வந்து அதில் இறங்கி இறகை உதறிக் குளிக்கின்றன. தேன்சிட்டு அங்கே இறங்காது. பக்கத்துக் கல்வாழை இலையில் சாரல் தெறித்து நிற்கும், அந்த ஈர இலையில் நெஞ்சைத் தேய்த்து வழுக்கி வழுக்கிக் குளிக்கும். அது குளித்து முடிக்கும்வரை நான் அசையமாட்டேன். அருவி மீன்களுக்கும் நல்லது. சூடான தண்ணியில் பிராணவாயு குறைவு. முன்பெல்லாம் வெயில் காலத்து விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அருவி விழுந்து காற்று கலக்க ஆரம்பித்தபின் அது இல்லை. கோடையில் ஏற்காட்டுக் கிளியூர் அருவியே வற்றிக் கிடக்கும்போது வாசலில் தண்ணி விழும் சத்தம் கேட்பது பெரிய சுகம்.

இருந்தாலும் மாப்பிள்ளைக்கு என் பதில்: இப்போது வைக்காதீங்க. உங்க வீட்டில் மொட்டைமாடி மழைத்தண்ணி பிடிக்கத் தொட்டி இல்லை. குடிக்க வரும் மேட்டூர் தண்ணியைக் குளத்துக்கு விடவும் மனசு வராது. போர் தண்ணியை மட்டும் நம்பினால் மாசாமாசம் இம்பெல்லரும் வினிகருமாக உட்கார வேண்டியதுதான். நான் என்னுடையதைப் பிரிக்கப் போவதில்லை, இன்னொரு இம்பெல்லருக்கே சொல்லி வைத்திருக்கிறேன். நீங்க முதலில் தொட்டியைக் கட்டுங்க. கல் அடுக்க நானே வர்றேன்.