பஞ்சு பறக்கும் வீட்டில் ஒரு கணினியும் ஒரு கன்சோலும்: எட்டு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்யும் பல குடும்பங்களின் வீடு இப்படித்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் பஞ்சுப் பிசிறு ஜன்னல் கம்பியிலும் தண்ணீர்க் குடத்து மூடியிலும் வந்து ஒட்டும். அந்த வீட்டில்தான் என் கேமிங் கணினி எட்டு ஆண்டுகளாகவும், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டியான கன்சோல் ஆறு ஆண்டுகளாகவும் ஓடுகின்றன.

எதில் படம் துல்லியம், எதில் வேகம் அதிகம் என்ற ஒப்பீடு வேண்டுமளவுக்குக் கிடைக்கிறது. புதிதாகப் பெட்டியைப் பிரித்த வாரத்தில் எழுதப்பட்டவை அவை. ஐந்தாறு கோடை தாண்டிய பிறகு எந்தப் பெட்டி எப்படி இருக்கிறது, அதில் உண்மையில் எத்தனை கேம் விளையாடி முடித்தோம் என்பதை யாராவது எழுதியிருந்தால் எனக்கு உதவியிருக்கும். அதனால் நானே எழுதுகிறேன்.

2017 ஆவணியில் கணினியை அசெம்பிள் செய்தேன். ஐ5 7400 பிராசஸர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு (6 ஜிபி), 1 டிபி ஹார்டு டிஸ்க், மானிட்டர். எல்லாம் சேர்த்து 61,000 ரூபாய். 2019 தீபாவளிக்கு பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) ஸ்லிம் கன்சோல், 1 டிபி, 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். தீபாவளி போனஸ் பட்டுவாடா எல்லாம் முடிந்து கையில் மிஞ்சிய பணம் அது.

முதலில் பஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் திருப்பூர், பல்லடம், சோமனூர், அவிநாசி என்று நூலோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு மற்ற எதையும்விட இது முக்கியம். சாதாரணத் தூசி பொடி, ஊதினால் போய்விடும். பஞ்சுப் பிசிறு இழை. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் மேல் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது.

கணினியில் இதற்குத் தீர்வு எளிது. பக்கவாட்டுப் பலகையில் இரண்டு திருகு. கழற்றிவிட்டுத் தறி துடைக்க வைத்திருக்கும் புளோயரையே மூன்றடி தள்ளிப் பிடித்து ஊதுவேன். ஒரு எச்சரிக்கை: ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். முன்பக்கத் துளைகளுக்கு நைலான் கொசுவலையை வெட்டி ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, இருபது நிமிடம். எட்டு ஆண்டுகளில் சூட்டால் என் கணினி ஒரு முறைகூட நின்றதில்லை.

கன்சோல் மூடிய பெட்டி. அதைத் திறக்கச் சாதாரணத் திருப்புளி போதாது, நட்சத்திர முனை வேண்டும். உத்தரவாதம் போய்விடுமே என்ற பயத்தில் முதல் ஒன்றரை ஆண்டு நான் அதைத் தொடவேயில்லை. 2021 சித்திரையில், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, விசிறி தறிச் சத்தத்தையும் மீறி இரைந்தது. பிறகு திரையில் அதிக வெப்பம் என்ற எச்சரிக்கை வந்து தானாக அணைந்தது. காந்திபுரத்தில் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்த இளைஞர் உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்து, "ஏனுங்கண்ணா, வீடு சோமனூரா, பல்லடமா?" என்று கேட்டார். பஞ்சைப் பார்த்தே ஊரைச் சொல்லும் அளவுக்கு எங்கள் பக்கத்துப் பெட்டிகள் அவர் மேசைக்கு வருகின்றன. சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பசையை மாற்றிக் கொடுக்க 1,200 ரூபாய் வாங்கினார். எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கவும் அனுமதித்தார். அதன்பின் ஆண்டுக்கொரு முறை நானே திறந்து சுத்தம் செய்கிறேன். பெட்டியைத் தரையோடு ஒட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, தொலைக்காட்சிக்கு மேலே உயரத்தில் வைத்ததும் பெரிய வித்தியாசம் தெரிந்தது. பிசிறு தரையோரம்தான் அதிகம் சேர்கிறது.

மின்சாரத்தில் இரண்டும் வேறு வேறு குணம். கரண்ட் போய்த் திரும்பும்போது சுற்று வட்டாரத்தில் இருக்கும் தறி மோட்டார்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். மின்னழுத்தம் சட்டென்று தாழ்ந்து ஏறும். 2018-ல் அப்படி ஒரு மாலையில் கணினியின் பவர் சப்ளை கருகியது. விலை குறைவு என்று நான் தேர்ந்தெடுத்த பெட்டி அது. நல்ல தரமான ஒன்றுக்கு 4,500 ரூபாயும் யுபிஎஸ்ஸுக்கு இன்னொரு 3,500 ரூபாயும் செலவானது. கிராபிக்ஸ் கார்டுக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். கன்சோலுக்கு யுபிஎஸ் இல்லாமல் இரண்டு ஆண்டு ஓட்டினேன். திடீரென்று அணைந்தால் அடுத்த முறை போடும்போது, முறையாக அணைக்கவில்லை என்று சொல்லிச் சேமிப்பகத்தைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பும். கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பிறகு விளையாடியது போய்விடும், அவ்வளவுதான்.

மின் கட்டணத்தையும் கணக்குப் பார்த்தேன். விளையாடும்போது என் கணினி சுமார் 250 வாட், பிஎஸ்4 ஸ்லிம் சுமார் 90 வாட் இழுக்கின்றன. தினமும் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதப் பில்லுக்குக் கணினியால் 30 யூனிட், கன்சோலால் 11 யூனிட். வீட்டு உபயோகத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும் குளிர்பதனப் பெட்டியும் கிரைண்டரும் ஓடும் வீட்டில் கணினி கூடுதலாக இழுக்கும் அந்த 19 யூனிட் மேல் அடுக்கில்தான் போய் விழும்.

பாவுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இந்த இரண்டு பெட்டிகளுக்கும் செய்த செலவை முதல் நாளிலிருந்து எழுதிவருகிறேன். கணினியில் இதுவரை வாங்கிய கேம்கள் 64. மொத்தம் 31,000 ரூபாய். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 2015-லிருந்தே ரூபாயில் விலை இருக்கிறது. கோடைத் தள்ளுபடியும் குளிர்காலத் தள்ளுபடியும் வரும்வரை காத்திருந்து வாங்கியவை பெரும்பாலும் 300 முதல் 900 ரூபாய்க்குள். எபிக் என்ற இன்னொரு இணையக் கடை இலவசமாகத் தருபவற்றை நான் இந்த எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. கன்சோலுக்கு வாங்கிய டிஸ்க்குகள் 19, மொத்தம் 47,000 ரூபாய். முடித்தபின் 11 டிஸ்க்குகளை விற்று 17,000 ரூபாய் திரும்ப வந்தது. ஆகக் கைவிட்டுப் போனது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே தொகை.

அதே நோட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கணினியின் 64 கேம்களில் நான் கடைசிவரை விளையாடி முடித்தவை 14. கன்சோலின் 19-ல் முடித்தவை 15.

இந்த இரண்டு வரிகளை எழுதிப் பார்த்த இரவு நெடுநேரம் யோசித்தேன். எனக்கு ஒரு நாளில் கிடைப்பது ஒரு மணி நேரம். இரவு ஷிப்ட் ஆள் வந்து தறிகளைப் பார்த்துக்கொண்ட பிறகு, ஒன்பதரையிலிருந்து பத்தரை. கணினியைப் போட்டால் டிரைவர் புதுப்பிப்பு நிற்கும், கேமின் படத்தர அமைப்புகளைத் திருத்தத் தோன்றும், நிழலைக் குறைத்தால் நொடிக்கு எத்தனை பிரேம் (படச் சட்டம்) கூடும் என்று பார்க்கத் தோன்றும். பட்டியலில் இன்னும் ஐம்பது கேம் இருப்பதால் சற்றுச் சலித்தாலும் வேறொன்றைத் திறப்பேன். கன்சோலில் கண்ட்ரோலரின் நடுப் பொத்தானை அழுத்தினால் நேற்று விட்ட இடத்தில் நிற்கிறது. 3,500 ரூபாய் கொடுத்த டிஸ்க்கை முடித்தால்தான் விற்க முடியும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. 2018-ல் வந்த காட் ஆப் வார் கேமை இருபத்தாறு இரவுகளில் முடித்தேன். நொடிக்கு 30 பிரேம்தான் ஓடியது. ஒரு நாளும் அது உறுத்தவில்லை. அதே கேம் 2022 ஜனவரியில் கணினிக்கு வந்தபோது இன்னும் கூர்மையான படத்துக்காக மீண்டும் வாங்கினேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடவில்லை.

டிஸ்க்கின் அருமையை இணையம் மெதுவாக இருந்த நாட்களில் நன்றாக உணர்ந்தேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு இரண்டு டிஸ்க்குகளாக வந்தது. ஒன்றிலிருந்து நிறுவி, மற்றொன்றைப் போட்டு விளையாட வேண்டும். கணினியில் அதற்கு 150 ஜிபி இடம் கேட்டார்கள். அன்றிருந்த இணைப்பில் தரவிறக்க நான்கு இரவுகள் ஆயின.

ஆனால் கன்சோல் எனக்குத் தர முடியாத ஒன்றைக் கணினி தந்தது. ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2. பள்ளிப் பருவத்தில் கருமத்தம்பட்டி இணைய மையத்தில் ஒரு மணி நேரம் இருபது ரூபாய்க்கு ஆடிய கேம். சுட்டியும் விசைப்பலகையும் இல்லாமல் நூறு ஆட்களை ஏவும் விளையாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 1999-ல் வந்த அந்த கேமின் புதுப்பித்த பதிப்பு 2019-ல் வெளியானது. 2022 ஏப்ரலில் வந்த இந்திய அரசவம்சங்கள் தொகுப்பில் திராவிடர் என்று ஒரு தரப்பைச் சேர்த்தார்கள். வீரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி வாள்வீரன் இருக்கிறான், திரிசடைக் கப்பல் இருக்கிறது, இராசேந்திர சோழனின் போர்களை நாமே நடத்தலாம். முதல் முறை ஒரு வீரனைச் சொடுக்கியபோது காதில் விழுந்த குரலுக்கு நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தத் தரப்புக்கு மட்டும் ஊட்ஸ் எஃகு (பழங்காலத் தென்னிந்திய உயர்தர எஃகு) என்று ஒரு தொழில்நுட்பம் உண்டு. ஆராய்ந்து முடித்தால் நம் வாள்கள் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், அது என்ன எஃகு என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு அவளைச் சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கொடுமணலுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் சாமளாபுரம் குளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே நொய்யலின் கரையில், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளை அகழ்ந்து எடுத்த ஊர். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். அங்கே இன்று பார்க்கக் காடும் மேடும்தான். ஆனாலும் அவள் கீழே கிடந்த கசடுத் துண்டு ஒன்றைக் காட்டி, "அப்பா, இது நம் வாளிலிருந்து வந்ததா?" என்று கேட்டாள். ஒரு கேமுக்கு நான் கொடுத்த பணத்தில் அதற்கு இணையாகத் திரும்பக் கிடைத்தது வேறு எதுவும் இல்லை.

கூடி விளையாடுவதில் கன்சோலுக்கே என் வாக்கு. முன்னறைத் தொலைக்காட்சியில் இருப்பதால் அது வீட்டாருக்குப் பொது. கணினி மேசை ஒருவருக்கான இடம். மச்சான் பொங்கலுக்கு வந்தால் கால்பந்து கேமில் என்னை வெல்லாமல் சாப்பிட எழமாட்டார். மகளும் நானும் இட் டேக்ஸ் டூ விளையாடினோம். இரண்டு பேர் இல்லாமல் அந்த கேம் நகராது, ஒருவர் தவறினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அம்மா கண்ட்ரோலரைத் தொட்டதில்லை. ஆனால் நாங்கள் விளையாடும்போது வெற்றிலையோடு வந்து உட்கார்ந்து, "அந்தப் பக்கம் போ கண்ணு" என்று வழி சொல்வார். கண்ட்ரோலரின் குச்சி மட்டும் தறிக்கு நாடாவும் பிக்கரும் போலத் தேயும் பொருள். உள்ளே இருக்கும் சிறு தகடு உராய்ந்து தேய, கை வைக்காமலே ஆள் நகரத் தொடங்கிவிடுவார். ஆறு ஆண்டில் மூன்றாவது கண்ட்ரோலரில் இருக்கிறோம்.

நீடித்து உழைப்பதில் கணினி ஒரு படி மேல். அதற்குத் தொடர்ந்து பணமும் கேட்கும். எஸ்எஸ்டி, கூடுதல் 8 ஜிபி ராம் போட்டேன். 2021-ல் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைத்தபோது, கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டும் சுரங்கக்காரர்கள் வாங்கிக் குவித்ததாலும் பற்றாக்குறையாலும் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. என் பழைய 1060-ஐயே நான் வாங்கிய விலைக்குக் கேட்டார்கள். 2022-ல்தான் விலை இறங்கத் தொடங்கியது; அந்தச் செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் முறையை மாற்றிக்கொண்டு கார்டுகளின் தேவையை விட்டொழித்தது. 2023-ல் ஆர்எக்ஸ் 6600 கார்டை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது வேறு சிக்கல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, என் ஏழாம் தலைமுறை பிராசஸருக்கு விண்டோஸ் 11 முறையான அனுமதி இல்லை. எனவே மதர்போர்டும் பிராசஸரும் சேர்ந்து மாற வேண்டும். கன்சோலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை: 2013-ல் பிறந்த பிஎஸ்4-க்கு 2022-லும் காட் ஆப் வார் ராக்னராக் போன்ற பெரிய கேம் வந்தது. ஆனால் அதன் காலம் முடியும்போது முழுப் பெட்டியையும்தான் மாற்ற வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது இது: வேலையும் குடும்பமும் உள்ள, இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கிறவர் கன்சோல் வாங்குங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்து, அதே பெட்டியில் கணக்கும் பில்லும் போட வேண்டியிருந்தால் கணினி வாங்குங்கள். கேம் அதனுடன் கூட வரும். என் மகள் நிரல் எழுதிப் பழகுவது அந்தக் கணினியில்தான். அதனால் இந்த ஆண்டுச் செலவை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன், பிஎஸ்5 காத்திருக்கட்டும்.

பழைய கன்சோல் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகத் திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் வாங்குகிறவர்கள், படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டி விசிறி இரைகிறதா என்று கேளுங்கள். பிறகு அணைத்துவிட்டுப் பின்பக்கத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் விலையில் 1,500 ரூபாய் குறைத்துக் கேளுங்கள். காந்திபுரத்தில் சுத்தம் செய்யவும் பஸ்ஸுக்கும் அது சரியாக இருக்கும்.