செய்வினையா, செயப்பாட்டுவினையா: மூன்று சோதனைகளில் எதை நம்பலாம்?

ஓர் ஆங்கில வாக்கியம் செய்வினையா செயப்பாட்டுவினையா என்று கண்டறிய மூன்று வழிகள் வழக்கமாகச் சொல்லித்தரப்படுகின்றன: செய்தவரைக் குறிக்க வரும் 'பை' என்ற சொல்லைத் தேடுவது, எழுவாய் செயலைச் செய்கிறதா அதற்கு உள்ளாகிறதா என்று கேட்பது, வினைச்சொல்லின் வடிவத்தைப் பார்ப்பது.

இவற்றுள் முதலாவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 'ஹி சாட் பை தி விண்டோ' என்பதில் 'பை' உண்டு, ஆனால் வாக்கியம் செய்வினை. 'தி லெட்டர் வாஸ் சென்ட்' என்பதில் 'பை' இல்லை, ஆனால் வாக்கியம் செயப்பாட்டுவினை. செய்தவர் யார் என்பது தெரியாதபோதோ தேவைப்படாதபோதோதான் செயப்பாட்டுவினை பெரிதும் பயன்படுகிறது என்பதால், 'பை' இல்லாமல் வருவதே அதற்கு இயல்பு.

பொருளைக் கேட்கும் இரண்டாம் வழி இதைவிட மேலானது. தொடக்கநிலை மாணவருக்கு அது போதுமானதாகவே தோன்றும். ஆனால் 'ஹி ரிசீவ்ட் எ லெட்டர்' என்ற வாக்கியத்தில் எழுவாய் எதையும் செய்யவில்லை, கடிதம்தான் அவரிடம் வந்து சேர்கிறது; இருந்தும் அது செய்வினைதான். 'தி டோர் ஓப்பன்ட்' என்பதும் அப்படியே. தமிழில் 'கதவு திறந்தது' என்பதையும் 'கதவு திறக்கப்பட்டது' என்பதையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை; முன்னதிலும் கதவு தானாக எதையும் செய்யவில்லை என்றாலும், அதைச் செயப்பாட்டுவினை என்று யாரும் சொல்வதில்லை.

எனவே என் தேர்வு மூன்றாவது வழியே. 'பி' வினையின் ஏதேனும் ஒரு வடிவமும் ('இஸ்', 'வாஸ்', 'பீன்' போன்றவை), அதையடுத்து முதன்மை வினையின் மூன்றாம் வடிவமும் ('ரைட்', 'ரோட்', 'ரிட்டன்' என்ற வரிசையில் 'ரிட்டன்' போல) சேர்ந்து வர வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. 'ஷி வாஸ் ரைட்டிங்' என்பதில் 'வாஸ்' இருக்கிறது, மூன்றாம் வடிவம் இல்லை, 'ஷி ஹேஸ் ரிட்டன்' என்பதில் மூன்றாம் வடிவம் இருக்கிறது, 'பி' இல்லை, இரண்டும் செய்வினை. 'இட் வாஸ் ரிட்டன்', 'இட் ஹேஸ் பீன் ரிட்டன்', 'இட் மஸ்ட் பி ரிட்டன்' ஆகிய மூன்றிலும் இரு பகுதிகளும் உள்ளன, மூன்றும் செயப்பாட்டுவினை. பேச்சுவழக்கில் 'பி' இருக்கும் இடத்தில் 'கெட்' வருவதும் உண்டு.

வடிவச் சோதனையும் ஓரிடத்தில் தடுமாறும். 'ஷி வாஸ் டயர்ட்' என்பது பார்வைக்குச் செயப்பாட்டுவினை போல இருந்தாலும், அங்கே 'டயர்ட்' என்பது நிலையைச் சொல்லும் பெயரடை. முன்னே 'வெரி' சேர்த்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: 'வெரி டயர்ட்' பொருந்துகிறது, 'வெரி ரிட்டன்' பொருந்தவில்லை. தமிழிலும் 'படு' வரும் இடமெல்லாம் செயப்பாட்டுவினை ஆகிவிடுவதில்லை அல்லவா? 'கடிதம் எழுதப்பட்டது' செயப்பாட்டுவினை. 'அவன் வெட்கப்பட்டான்' அப்படியன்று.

மிகவும் சிக்கலானது 'தி விண்டோ வாஸ் ப்ரோக்கன்' போன்ற வாக்கியம். சன்னல் உடைந்த நிலையில் இருந்தது என்றும் பொருள் கொள்ளலாம், யாரோ உடைத்தார்கள் என்றும் கொள்ளலாம். தமிழ் இவ்விரண்டையும் 'உடைந்திருந்தது', 'உடைக்கப்பட்டது' என்று தனித்தனிச் சொற்களால் பிரித்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ முன்பின் வாக்கியங்களைப் படித்த பிறகே முடிவு செய்ய இயலும்.